மூணு கரி வட்டமும் குரங்கணி மலையும்

எங்க கொல்லையில மூணு வட்டம் இருக்கு. இப்ப வந்து பார்த்தா உங்களுக்குத் தெரியாது, கடலைச் செடி மூடிக் கிடக்கும். எனக்கு மட்டும் எந்த வரப்புல நின்னாலும் அந்த மூணும் கண்ணுக்குத் தெரியும். ஏன்னா அதை உண்டாக்கினவன் நான்தான்.

2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல் அடிச்சது உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னையும் பலாவும்தான் எங்க பொழப்பு. ஒரே ராத்திரியில எல்லாம் தரையில கிடந்துச்சு. எங்க கொல்லையில மட்டும் நாப்பத்திரண்டு தென்னை, அப்பா வச்ச ஆறு பலா. பலாவை மரக்கடைக்காரங்க வந்து கேட்ட விலைக்குக் கொடுத்துட்டோம். தென்னையைச் சீந்த ஆளில்லை. நாலஞ்சு மாசம் அப்படியே கிடந்து காய்ஞ்சுச்சு. சித்திரையில ஜே.சி.பி. வச்சு மரம், தூர், மட்டை எல்லாத்தையும் மூணு குவியலாக் குவிச்சேன்.

அப்பத்தா திண்ணையில இருந்து சத்தம் போட்டுச்சு. "கொல்லைக்குள்ள வச்சுக் கொளுத்தாதடா, மண்ணு வெந்துரும்."

"சாம்பல் உரம்தானே அப்பத்தா" அப்படின்னேன்.

"அடுப்புச் சாம்பல் வேற, இது வேற. வெந்த மண்ணுல என்னடா மொளைக்கும்?"

நான் கேக்கலை. கொளுத்தினேன். மேல எரிஞ்சது ரெண்டு நாள். உள்ளுக்குள்ள தூர் கனன்றுக்கிட்டே இருந்தது பத்து நாளைக்கு மேல. ஆடியில கடலை போட்டேன். கொல்லை முழுக்க நல்லா வந்துச்சு. மூணு வட்டத்துக்குள்ள மட்டும் விதை முளைச்சு, ரெண்டு இலை விட்டு, மஞ்சளாகி அப்படியே நின்னுபோச்சு. அருகம்புல், கோரை கூட வரலை. மண்வெட்டியில கொத்தினா மேல ஒரு சாண் மண்ணு செங்கல் பொடி மாதிரி சிவந்து கிடக்குது.

அக்கா மகன் வேளாண்மைக் கல்லூரியில படிச்சுக்கிட்டு இருந்தான். லீவுக்கு வந்தவன் வட்டத்துக்குள்ள ரெண்டு செடி, வெளியில ரெண்டு செடி வேரோட எடுத்துக்கிட்டுப் போனான். ஒரு வாரம் கழிச்சு போன்ல ரெண்டு படம் அனுப்பினான். வேரைச் சாயம் போட்டு நுண்ணோக்கியில பார்த்த படம். வெளியில இருந்த செடியோட வேருக்குள்ள நீல நூல் பின்னிக் கிடக்கு, நடுவுல குட்டிக் குட்டி பலூன். வட்டத்துக்குள்ள இருந்த செடியோட வேர் வெறும் வெள்ளை.

"மாமா, அந்த நூல்தான் வேர் உட்பூசணம். நீங்க கடையில வேம்னு பாக்கெட்டுல வாங்குறீங்களே, அதுதான். உங்க மண்ணுல அது ஏற்கனவே சும்மா இருந்துச்சு. நீங்க வேக வச்சுட்டீங்க" அப்படின்னான். சாம்பல் அளவுக்கு மீறி விழுந்து மண்ணுல காரத்தன்மை ஏறினதும் ஒரு காரணம்னு சேர்த்துச் சொன்னான்.

அப்பதான் எனக்கு முந்தின வருசத்து இன்னொரு தீ ஞாபகத்துக்கு வந்துச்சு. மூணு குவியலுக்கே இந்தக் கதின்னா, ஒரு மலையே எரிஞ்சா அந்த மலை மண்ணுக்குள்ள என்ன ஆகும்? இந்தக் கேள்விதான் என்னைப் பழைய கதைகளுக்குள்ள இழுத்துக்கிட்டுப் போச்சு.

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் போடிக்கு மேற்கே குரங்கணி. கொழுக்குமலையில இருந்து இறங்கி வந்த மலையேற்றக் குழுக்கள் சரிவுல காய்ஞ்ச புல்லுக்கு நடுவுல மாட்டிக்கிட்டாங்க. சென்னைப் பக்கமும் கொங்குப் பக்கமும் இருந்து வந்த பிள்ளைங்க. விமானப் படை ஹெலிகாப்டர் வந்துச்சு. மருத்துவமனையில இருந்தவங்களும் ஒவ்வொருத்தராப் போக, மொத்தம் 23 உயிர். அதுக்குப் பிறகு அரசு விசாரணை வச்சது, மலையேற்றத்துக்கு விதிமுறை கொண்டுவந்தது. மனுச உயிர்தான் முதல் கணக்கு. அதுல மாற்றுக் கருத்து இல்லை. நான் இங்க எழுதப்போறது அந்தக் கணக்கு முடிஞ்ச பிறகும் மண்ணுக்குள்ள மிச்சம் இருக்கிற ஒரு கணக்கைப் பத்தி.

2020 தை மாசம் போடியில ஒரு கல்யாணம். முடிஞ்ச மறுநாள் அங்கேயே ஏலத்தோட்ட வேலைக்குப் போயிட்டு வர்ற சித்தப்பா ஒருத்தரோட குரங்கணி வரைக்கும் போனேன். அடிவாரத்துல நின்னு மேல பார்த்தா மலை பச்சையா இருக்கு. "எந்தப் பக்கம் சித்தப்பா எரிஞ்சது?"ன்னு கேட்டேன். கையைக் காட்டிட்டு, "இப்பப் பாத்தா என்ன தெரியும்? மறு மழைக்கே புல்லு வந்துருச்சு" அப்படின்னார்.

எனக்குக் குழப்பமாப் போச்சு. என் கொல்லையில ஒம்பது மாசமாகியும் கோரை முளைக்கலை. அத்தனை உயிரை வாங்கின தீ போன இடத்துல மறு மழைக்கே புல். எப்படி?

அதைச் சொல்ல முன்னாடி இந்தப் பூஞ்சைங்கிற ஆள் யாருன்னு சொல்லிடணும். பட்டணத்துல பூஞ்சைன்னா ரொட்டியில பிடிக்கிறதுன்னு நினைப்பீங்க. எங்க ஊர்ல ஐப்பசியில இடி இடிச்சு மழை பெய்ஞ்சா மறுநாள் காலையில பிள்ளைங்க கரையான் புத்துப் பக்கம் ஓடும், புத்துக்காளான் பிடுங்க. காளான்ங்கிறது காய் மாதிரி. செடி முழுக்க மண்ணுக்குள்ளதான் இருக்கு. முடியை விட மெல்லிசான இழை, கிடைச்ச பக்கமெல்லாம் ஓடும். வேர் போக முடியாத சந்துக்குள்ள புகுந்து மணிச்சத்தும் தண்ணியும் எடுத்து வந்து மரத்துக்குக் கொடுக்கும், மரம் பதிலுக்கு இலையில சமைச்ச சர்க்கரையைக் கொடுக்கும். ஒருவகை மாத்துக் கொள்முதல். நிலத்துல வளர்ற செடிகொடிகள்ல பெரும்பாலானவை இந்தக் கூட்டுலதான் பிழைக்குது.

இந்தக் கூட்டுக்கு ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற ஜெர்மானியர் 1885இல் ‘மைகோரைசா’ என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் பூஞ்சைவேர் என்று அர்த்தம். 1899இல் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சுக்காரர், ஆர்க்கிட் விதை பூஞ்சை துணையில்லாமல் முளைக்காது என்று கண்டுபிடித்தார். நம் மலைகளில் புல்வெளிக்கு நடுவே தரையில் பூக்கும் ஆர்க்கிட்களுக்கும் இதே சட்டம்தான். பிகாரில் பூசாவிலும் பிறகு இந்தூரிலும் வேலை பார்த்த ஆல்பர்ட் ஹோவார்ட், 1940இல் எழுதிய புத்தகத்தில் தேயிலை முதல் பருத்தி வரை வேரில் இந்தப் பூஞ்சைக் கூட்டு இருக்கிறதா என்று பார்ப்பதையே மண் நலத்தின் அடையாளமாக வைத்தார். இயற்கை விவசாயம் பேசுறவங்க ஹோவார்டோட கம்போஸ்டைப் பிடிச்சுக்கிட்டோம், பூஞ்சையைக் கொஞ்சம் மறந்துட்டோம்.

இப்ப காட்டுக்கு வருவோம். ஹோவார்டுக்கு எண்பது வருசம் முன்னாடியே நம்ம மலைத் தீயைப் பத்திச் சட்டம் போட ஆரம்பிச்சுட்டாங்க. அப்ப மண்ணுக்குள்ள இப்படி ஒரு ஆள் இருக்கிறது யாருக்கும் தெரியாது.

1856இல் சென்னை மாகாணத்துக்கு முதல் வனப் பாதுகாவலராக வந்தவர் ஹியூ கிளெக்ஹார்ன். தொழில் மருத்துவம், ஆர்வம் தாவரவியல். ரயிலுக்கும் கப்பலுக்கும் மரம் போய்க்கொண்டிருந்த காலம். கிளெக்ஹார்ன் கண்ணில் பெரிய எதிரியாகப் பட்டது புனம் வெட்டி எரித்து விதைக்கும் மலை விவசாயம். கன்னடப் பக்கம் அதற்குக் குமரி என்று பெயர். 1860இல் அரசு அதைக் கட்டுப்படுத்தித் தடை போட்டது. 1882இல் மதராஸ் வனச் சட்டம் வந்தது. காப்புக்காட்டில் தீ வைப்பது குற்றம் என்று அது சொன்னது. காட்டைச் சுற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டினார்கள். எந்த வருடம் எத்தனை சதுர மைல் காப்பாற்றினோம், எத்தனை எரிந்தது என்று கணக்கு எழுதினார்கள்.

அந்தக் கணக்கு முழுக்க மரக் கணக்குதான். ஆனா எரிக்கிறவங்களும் முட்டாளுங்க இல்லை. புனம் எரிச்சுத் தினையோ சாமையோ ரெண்டு மூணு வருசம் எடுத்துட்டு அந்த இடத்தைப் பல வருசம் சும்மா விட்டுடுவாங்க. அவங்களுக்கு மைகோரைசான்னு பேர் தெரியாது. ஆனா வெந்த மண்ணு ஆறணும்னு தெரியும். என் அப்பத்தாவுக்குத் தெரிஞ்ச மாதிரியே.

தீயே கூடாது என்ற கொள்கைக்குள்ளும் சீக்கிரமே விரிசல் விட்டது. பர்மாவில் தேக்குக் காடுகளைத் தீ படாமல் காத்த இடங்களில் தேக்குக் கன்று வராமல் மூங்கிலும் புதரும் ஏறிக்கொண்டன. 1896இல் ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ இதழிலேயே பர்மாவில் தீத்தடுப்பு அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று ஒரு வன அதிகாரி எழுதினார். பிறகு வடக்கே குங்கிலியக் காடுகளிலும் கோடை முற்றும் முன்னே லேசாக எரித்துவிடும் வழக்கம் வந்தது. தீ நல்லதா கெட்டதா என்று நூறு வருசமாகச் சண்டை நடந்தது. எந்தத் தீ, எந்த மண்ணுல, எத்தனை வருசத்துக்கு ஒரு தடவைன்னு பிரிச்சுக் கேட்டிருந்தா பாதிச் சண்டை குறைஞ்சிருக்கும்.

குரங்கணிப் புல் மறு மழைக்கே வந்ததுக்கும், என் வட்டத்துல கோரை வராததுக்கும் விடை இந்தப் பிரிவுலதான் இருக்கு.

காய்ஞ்ச மண்ணு சூட்டைச் சட்டுனு கீழே விடாது. புல்தீ வேகமா ஓடும். ஒரு இடத்துல சில நிமிசம்கூட நிக்காது. மேலே நானூறு ஐநூறு டிகிரி இருந்தாலும் ரெண்டு அங்குலம் கீழே லேசான வெதுவெதுப்புதான் போய்ச் சேரும். புல்லோட அடித்தண்டும் வேரும் பிழைக்கும், வேரோட இருக்கிற பூஞ்சையும் பிழைக்கும். மனுசனைக் கொல்ற தீயா இருந்தும் மண்ணை அது ஆழமாத் தொடலை. மேற்கு மலைப் புல்வெளிங்க இதுக்குப் பழகினவை. 1993இல் நீலகிரியின் கரிச்சேற்று மண்ணை ஆராய்ந்து சுகுமாரும் கூட்டாளிகளும் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை, சுமார் இருபதாயிரம் வருசமாக அங்கே புல்லும் சோலையும் தட்பவெப்பத்தைப் பொறுத்து ஏறி இறங்கி வந்திருப்பதைக் காட்டியது. அதாவது மலைமேல் இருக்கிற புல்வெளி, யாரோ காட்டை அழித்ததால் வந்த பொட்டல் இல்லை. அதுவும் ஒரு பழங்குடிதான்.

கட்டையும் தூரும் எரியிற தீ வேற. மணிக்கணக்கா, நாள்கணக்கா ஒரே இடத்துல நின்னு எரியும். ஈரமுள்ள மண்ணில் 60 டிகிரி தாண்டினாலே பெரும்பாலான பூஞ்சை இழைகள் சாக ஆரம்பிக்கும். பாக்டீரியா அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். பூஞ்சைகளில் பெரும்பகுதி குடியிருப்பது மேல் ஒரு சாண் மண்ணில்தான். என் குவியல் அந்த ஒரு சாணையும் அவிச்செடுத்துருச்சு.

மலையில இந்த ரெண்டாவது வகைத் தீ எங்க வரும்? சோலைக்குள்ள. சோலைன்னா ஓடையோரம் மடிப்புல அடர்ந்து நிக்கிற குட்டை மரக்காடு. கீழே பல வருசத்து இலைமக்கு மெத்தை மாதிரி கிடக்கும். நல்ல வருசத்துல அது ஈரமாவே இருக்கும், புல்தீ ஓரத்தோட நின்னுடும். வறட்சி முத்தி அந்த மக்கு காய்ஞ்சுட்டா, தீ உள்ளே புகுந்து கங்காக் கனன்று நாள்கணக்கா நகரும். பூஞ்சை குடியிருக்கிற வீடே அந்த மக்குதான். வீடே விறகாயிடும்.

ரெண்டாவது இடம், நாமளே கொண்டுபோய் வச்ச காடு. நீலகிரியில் 1843 வாக்கில் ஆஸ்திரேலிய நீலத் தைலமரம் வந்தது. சீகை என்று சொல்லும் வாட்டில் மரமும் அந்தக் காலத்து வரவுதான். விறகுக்கு என்று ஆரம்பித்தது, சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்கும் கூழுக்கும் என்று புல்வெளிகளை விழுங்கிப் பெருகியது. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் மெக்சிகோ பைன் வைத்தார்கள். தைல இலையில் எண்ணெய் இருக்கு, பைன் ஊசியிலை மக்காமல் மெத்தை போடும். புல் எரியிற இடத்துல கட்டையும் சருகும் எரிய ஆரம்பிச்சது இப்படித்தான்.

இந்தப் பைன் கதையில பூஞ்சை நேரடியாவே வருது. பைன் மரத்துக்குன்னு தனிப் பூஞ்சை வேணும், வேருக்கு மேல உறை மாதிரி போர்த்துற வகை. அது நம்ம சோலை மண்ணுல கிடையாது. உலகம் முழுக்க வெப்பநாடுகள்ல பைன் வச்சுப் பார்த்து, கன்னு மஞ்சளாகிச் செத்துச்சு. போர்ட்டோ ரிக்கோ தீவில் 1955இல் வெளியிலிருந்து பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து கன்றுகளுக்குப் போட்ட பிறகுதான் மரம் பிடித்தது. மரத்தை மட்டும் கொண்டுபோனா போதாது, பூஞ்சையும் கூடவே போகணும்னு உலகத்துக்குப் புரிஞ்ச இடங்கள்ல அது ஒண்ணு. நம்ம நீலகிரிப் பைன் தோட்டங்கள்லயும் அந்த அந்நியப் பூஞ்சைங்க குடியேறியாச்சு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜனும் அவர் மாணவர்களும் 1990களின் தொடக்கத்தில் அந்தத் தோட்டங்களில் எந்தக் காளான் எந்த வேரோடு சேர்கிறது என்று வேர் வேராக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். சோலை மரங்கள் பெரும்பாலும் வேருக்கு உள்ளே புகுந்து வாழ்கிற உட்பூசண வகையை நம்பியவை, நம்ம கடலை மாதிரியே. மேல மரம் மாறினப்போ கீழே குடித்தனமும் மாறிப்போச்சு. அதனால பைன் காடு எரிஞ்சு சாம்பலானதும் "விடு, பழைய சோலை தானா வந்துடும்"னு சொல்ல முடியாது.

தீக்குப் பிறகு பூஞ்சை ஒண்ணுமே இல்லாமப் போகும்னு நினைச்சுடாதீங்க. தீயையே எதிர்பார்த்து உக்காந்திருக்கிற வகையும் உண்டு. கரும்பு வெட்டினதும் சோகையைக் கொளுத்துற வயல்ல, நாலஞ்சு நாள் கழிச்சு கருகின கட்டையில ஆரஞ்சு நிறத்துல மாவு பூத்திருக்கும். எங்க பக்கம் கரும்பு போடுற ஆளுங்க எல்லாருமே பார்த்திருப்பாங்க, பேர் கேட்டிருக்க மாட்டோம். அது நியூரோஸ்போரா. அதோட வித்து மண்ணுக்குள்ள தூங்கிக்கிட்டே இருக்கும். 60 டிகிரி சூடு அரை மணி நேரம் பட்டாத்தான் முழிக்கும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ரமேஷ் மகேஸ்வரி 1990களில் மத்தூர்ப் பக்கம் எரித்த கரும்பு வயலில் உட்கார்ந்து இதன் வாழ்க்கையைப் பின்தொடர்ந்து எழுதினார். காட்டுத்தீக்குப் பிறகும் இப்படி முதல் வரிசை ஆளுங்க சட்டுனு வந்துடுவாங்க. கருகினதைத் தின்னுட்டுக் கிளம்பிடுவாங்க. மரத்துக்குச் சோறு போடுற கூட்டுப் பூஞ்சைங்க மெதுவாத்தான் வரும், அதுவும் உயிருள்ள வேர் பக்கத்துல இருந்தாத்தான் வரும்.

உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2017இல் வெளிவந்த ஒரு தொகுப்பு, தீக்குப் பிறகு மண்ணில் பூஞ்சை வகைகளின் எண்ணிக்கை சராசரியாகக் கால்வாசிக்குமேல் குறைவதைச் சொல்கிறது. வேரில் பூஞ்சை பிடிப்பதும் குறைகிறது. இதனால மரத்துக்குச் சோறு குறையிறது ஒரு நஷ்டம். இன்னொரு நஷ்டம் மலைக்கே உரியது. பூஞ்சை இழையும் அது விடுற பசையும் மண்துகளைக் கோத்துக் குருணையாக்கி வச்சிருக்கும். அந்தப் பசைக்கு 1996இல் அமெரிக்காவில் சாரா ரைட் கண்டுபிடித்துக் குளோமலின் என்று பெயர் வைத்தார். சமதரையில இருக்கிற என் கொல்லையில கோப்பு அவிழ்ந்தா மண்ணு அங்கேயேதான் கிடக்கும். மலைச்சரிவுல அவிழ்ந்தா அடுத்த கோடை மழையே அதை ஓடைக்கு இழுத்துட்டுப் போயிடும். மாசியில தீ, சித்திரையில இடிமழை, நடுவுல ரெண்டு மாசம்தான்.

இத்தனைக்கும் மேல ஒரு விசயம், எத்தனை வருசத்துக்கு ஒரு தடவை எரியுதுங்கிறது. முதுமலைத் தீப் பதிவுகளைப் பழைய வனத்துறைப் பதிவுகளோடு ஒப்பிட்டு நரேந்திரன் கோதண்டபாணி, மார்க் காக்ரன், சுகுமார் மூவரும் 2004இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். 1910களில் ஓர் இடம் எரிந்த இடைவெளியோடு பார்த்தால், 1989 முதல் 2002 வரை தீ மூன்று மடங்கு அடிக்கடி வந்திருக்கிறது. சராசரியாக 3.3 வருடத்துக்கு ஒருமுறை. உண்ணிச்செடி மாதிரிப் புதர்கள் ஏறிக் காடே விறகடுக்காக் கிடக்கிறதும், காட்டுக்குள்ள ஆள் நடமாட்டம் கூடினதும் தீக்குத் தோது பண்ணிடுது. ஒரு தீக்கும் அடுத்த தீக்கும் நடுவுல மண்ணு ஆறணும்னா மூணு வருசம் போதுமா? என் வட்டத்தையே வச்சுச் சொல்றேன், போதாது.

அந்த வட்டத்துக் கதையை முடிச்சுடுறேன். 2019 கார்த்திகையில அக்கா மகன் சொன்னபடி ரெண்டு வட்டத்துக்கு மட்டும் வைத்தியம் பார்த்தேன். சாம்பலைச் சுரண்டி எடுத்து நாலு பக்கமும் தூவினேன். கிளுவை வேலி ஓரத்துல இருந்து வேரோட மண்ணு வெட்டி ஆளுக்கு நாலு கூடை போட்டேன். தொழுஉரம் போட்டுச் சோளமும் தட்டைப்பயறும் விதைச்சேன். சோள வேருல உட்பூசணம் நல்லாப் பெருகுமாம். மூணாவது வட்டத்தை அப்படியே விட்டேன், என்னதான் ஆகுதுன்னு பார்ப்போம்னு.

வைத்தியம் பார்த்த ரெண்டும் 2022 ஆடியில கிட்டத்தட்ட மத்த கொல்லை மாதிரி ஆயிடுச்சு. சும்மா விட்டது 2024 வரைக்கும் இழுத்துச்சு. ஆனா அது ஆறின விதத்தைப் பார்த்துதான் நான் அதிகம் கத்துக்கிட்டேன். நடுவுல இருந்து ஆறலை. ஓரத்துல இருந்து உள்பக்கமா, வருசத்துக்கு ரெண்டடி மூணடியா ஆறிக்கிட்டே வந்துச்சு. முதல்ல வரப்போரம் அருகு உள்ளே காலை நீட்டுச்சு, அது பின்னாடி கோரை, அது பின்னாடிதான் கடலை. உயிரோட இருந்த மண்ணுதான் பக்கத்து மண்ணுக்கு உயிரைக் கடத்திவிட்டுச்சு. கொல்லை முழுக்க எரிச்சிருந்தா ஓரம்னு ஒண்ணு இருந்திருக்காது.

அப்பத்தா 2021லயே போய்ச் சேர்ந்துருச்சு. மூணாவது வட்டம் பச்சை பிடிச்சதைப் பார்க்கலை. பார்த்திருந்தா ஒண்ணும் சொல்லியிருக்காது, வெத்தலையை மென்னுக்கிட்டு ஒரு பார்வை பார்த்திருக்கும்.

எங்க மாவட்டத்துலயும் ஒரு மரக் கணக்கு உண்டு. 1974இல்தான் புதுக்கோட்டை தனி மாவட்டமாச்சு, அதே வருசம்தான் தமிழ்நாடு வனத் தோட்டக் கழகமும் ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு எங்க பக்கம் பஸ்ல போனா மைல் கணக்கா தைலமரக் காடு வரும். வெளியூர்க்காரங்க "நல்லாப் பச்சையா இருக்கே" அப்படிம்பாங்க. பச்சையாத்தான் இருக்கு. அதுக்கடியில குனிஞ்சு பார்த்தா சருகு, சருகுக்கடியில காய்ஞ்ச மண்ணு. சின்ன வயசுல முள்ளுக்காட்டுல புத்துக்காளான் பிடுங்கின இடங்கள்ல இப்ப பிள்ளைங்க போறதில்லை, போனாலும் கிடைக்கிறதில்லை.

பட்டணத்துல இருக்கிற நண்பர்கள் ஒவ்வொரு காட்டுத்தீக்குப் பிறகும் நல்ல மனசோட கேக்குறது ஒண்ணுதான்: "அங்க போய் மரம் நடலாமா?" என் பதில், எரிஞ்ச புல்வெளியில மரம் நடாதீங்க. புல்வெளிக்கு மரம் வேண்டாம், மரம் வச்சா அடுத்த தீக்கு விறகு சேர்த்த மாதிரிதான். சோலையோரம் எரிஞ்சிருந்தா, எரியாமத் தப்பின திட்டுகளைத் தேடிப் பிடிச்சுக் காப்பாத்தச் சொல்லுங்க. அந்த ஓரத்துல இருந்துதான் பூஞ்சை உள்ளே நடந்து வரணும். அந்த இடத்துல அடுத்த பத்து பதினஞ்சு வருசத்துக்குத் தீ வராமப் பார்த்துக்கிட்டா அதுவே பெரிய நடவு. 2022இல் தமிழ்நாடு அரசு, காட்டுக்குள் பரவின அயல் தாவரங்களை அகற்ற ஒரு கொள்கை கொண்டுவந்திருக்கு. உண்ணிச்செடியும் சீகையும் பிடுங்குற அந்த வேலைக்குக் கைகொடுக்கலாம். பிடுங்கினதை அங்கேயே குவிச்சு மட்டும் கொளுத்த விடாதீங்க. அதுல என்ன ஆகும்னு என்கிட்ட கேளுங்க.

நேத்து பக்கத்துக் கொல்லைக்காரத் தம்பி காய்ஞ்ச தென்னை மட்டையைக் குவிச்சு வச்சிருந்தான். தீப்பெட்டி எடுத்துக்கிட்டு வந்தவனை நிறுத்தி, "வெட்டிப் போட்டு மூடாக்கு போடுறா, கொல்லைக்குள்ள கொளுத்தாத" அப்படின்னேன்.

"சாம்பல் உரம்தானே அண்ணே" அப்படின்னான்.

அவனை வரப்பு மேல நிக்க வச்சு மூணு வட்டத்தையும் கையைக் காட்டினேன். அவன் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலை. உக்காந்து முழுக் கதையும் சொல்ல வேண்டியதாப் போச்சு. பொழுது சாஞ்சுருச்சு. மட்டையை இன்னும் கொளுத்தலை, அரிவாள் தீட்டக் கொடுத்திருக்கான்.